கோரா கண்ட விடுதலை



ஊரோடு ஒத்து வாழ்வதே உத்தமம் என்று குழந்தைப் பருவம் முதற்கொண்டே நமக்குப் போதிக்கிறார்கள். ஆனால் அந்தப் போதனையை மீறித் தன்னந்தனியே ஒரு வழியில் நடந்து, ஊராரின் ஏச்சையும் பேச்சையும் வாங்கிக்கொண்டு மறைந்தவர்களைத்தான், ஒரு தலைமுறை கழிந்த பிறகு, அதே ஊர் மகான்கள் என்று கொண்டாடி உற்சவம் நடத்துகிறது. இந்த முரண்பாட்டை உள்ளே புகுந்து ஆராய்வதற்கு நாவலைப் போல் தகுந்த இலக்கிய வடிவம் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம். காவியத்தின் நாயகன் தன் குலதர்மத்தை நிலைநாட்டுவதற்காகப் பிறந்தவன். நாவலின் நாயகனோ, அந்தத் தர்மம் தனக்கு உரியதுதானா என்று கேட்பதற்காகப் பிறந்தவன்.

இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் நாவல் ரவீந்திரநாத தாகூரின் 'கோரா'. சமூகக் கட்டுப்பாடுகளுக்கு அடங்காதவன் என்று சொன்னதும் நம் மனக்கண் முன் தோன்றும் உருவம் ஒன்று உண்டு: பூணூலை அறுத்தெறிந்தவன், பெரியோரை எதிர்த்துப் பேசுபவன், கோயில் வாசலை மிதிக்காதவன். கோரா அப்படிப்பட்டவன் அல்லன். கங்கை மண்ணால் நெற்றியில் திலகமிட்டு, குடுமி வைத்து, முரட்டு வேஷ்டி உடுத்து, விடியற்காலையில் கங்கையில் நீராடி, தாய் தந்தையரின் பாததூளியைச் சிரத்தில் தரித்துக்கொள்ளும் ஆசாரசீலன் அவன். இப்படிப்பட்ட ஒருவனைத் தனிவழி நடந்தவர்களின் வரிசையில் நான் ஏன் நிறுத்துகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய சொற்பொழிவின் நோக்கம்.

முதலில் இந்த நூல் பிறந்த காலத்தைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். 1905-இல் கர்ஸன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். அந்தப் பிரிவினை அமலுக்கு வந்த அக்டோபர் 16-ஆம் தேதியன்று தாகூர் கல்கத்தா வீதிகளில் இறங்கி நடந்து, எதிர்ப்பட்டவர்களின் கையில், இந்து என்றும் முஸ்லிம் என்றும் பாராமல், ராக்கி கட்டினார், சுதேசிப் பாடல்களை எழுதினார், கூட்டங்களில் பேசினார். ஆனால் அந்த இயக்கம் அந்நியத் துணியைக் கொளுத்துவதிலும், அந்தத் துணியை விற்றுப் பிழைத்த ஏழைக் கடைக்காரர்களை நிர்ப்பந்திப்பதிலும் இறங்கியபோது அவர் மெல்ல விலகிக்கொண்டார். விலகியவரை வங்காளம் மன்னிக்கவில்லை. அந்த விலகலின் வேதனை ஆறாதிருந்த நாட்களில், 1907 முதல், ராமானந்த சட்டர்ஜி ஆசிரியராக இருந்த 'பிரவாசி' பத்திரிகையில் 'கோரா' தொடர்கதையாக வெளிவரத் தொடங்கியது, 1910-இல் புத்தகமாயிற்று. ஆகவே, தேசத்தை நேசிப்பவன் தன் மனச்சாட்சிக்கும் தன் கூட்டத்தாருக்கும் இடையே எப்படி நிற்பது என்ற கேள்வி, ஏட்டிலே படித்த கேள்வியாக அல்லாமல், அனுபவித்து நொந்த கேள்வியாகவே அவர் முன் நின்றது.

கதை நடைபெறும் காலம் இன்னும் முந்தியது. 1857-ஆம் ஆண்டுக் கலகத்தின்போது பிறந்த குழந்தை வளர்ந்து வாலிபனான காலம். சமயச் சீர்திருத்தவாதியான கேசவ சந்திர சேனரின் பிரசங்கங்களைக் கேட்க இளைஞர்கள் திரண்டு ஓடிய காலம். அந்த இளைஞர்களில் கோராவும் ஒருவனாக இருந்தவன்தான். அப்போது ஓர் ஆங்கிலப் பாதிரியார் பத்திரிகையில் இந்து மதத்தையும் இந்து சமூகத்தையும் இழித்து எழுதினார். அதுவரை தானே அந்தச் சமூகத்தைக் குறை கூறிக்கொண்டிருந்த கோரா, அந்நியன் ஒருவன் வந்து தன் வீட்டைப் பழித்ததும் வெகுண்டெழுந்தான், பதில் எழுதினான், பதிலுக்குப் பதில் எழுதினான், பத்திரிகாசிரியர் விவாதத்தை நிறுத்திவிட்ட பின்னரும் அவன் நிறுத்தவில்லை. ஆங்கிலத்திலேயே இந்து தர்மத்தைப் பற்றி ஒரு நூல் எழுதத் தொடங்கி, அதற்காகச் சாஸ்திரங்களைத் துருவித் துருவிப் படித்து, பிறரோடு வாதாடுவதற்காகத் திரட்டிய நியாயங்களுக்குத் தானே அடிமையானான். எதிரியின் நியாயஸ்தலத்தில் குற்றவாளியாக நின்று நம்மை நாம் நியாயப்படுத்திக்கொள்ள மாட்டோம்; நல்லதோ கெட்டதோ, எங்களுடைய ஆசாரத்தை எங்களுடையது என்பதற்காகவே முழுவதும் ஏற்போம் என்பது அவன் கொண்ட விரதம்.

இது மிகவும் உயர்ந்த விரதம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆங்கிலப் படிப்புப் படித்த வங்காளி ஒவ்வொருவனும் தன் பாட்டனாரை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்த ஒரு காலத்தில், குடுமியும் திலகமுமாகக் கல்லூரி மாணவர்களிடையே தலை நிமிர்ந்து நடப்பதற்கு அசாத்தியமான துணிவு வேண்டும். அந்தக் காலத்து நாகரிகத்துக்கு அடங்காதவன் என்ற பொருளில் கோரா அப்போதே தனிவழி நடந்தவன்தான். ஆனால் தாகூர் இந்தத் துணிவோடு திருப்தியடைந்துவிடவில்லை. எதிர்ப்பிலிருந்து பிறந்த இந்த ஆசாரத்தில் ஒரு பெரிய ஊனம் இருப்பதை அவர் முதல் அத்தியாயங்களிலேயே காட்டிவிடுகிறார். பாதிரியாருக்குப் பதில் சொல்லும் பொருட்டு அவன் அணிந்துகொண்ட கவசம் அவனுடைய வீட்டுக்குள்ளும் கழற்றப்படுவதில்லை. தாயின் அறையில் கிறிஸ்தவப் பணிப்பெண் லச்மியா தண்ணீர் கொண்டுவருகிறாள் என்பதற்காக அவன் அந்த அறையில் உண்பதில்லை. தன் உயிர்த் தோழன் வினயையும் உண்ண விடுவதில்லை. சிறு வயதில் அவனுக்கு வைசூரி கண்டபோது, அருகிலிருந்து கண் விழித்து அவனைக் காப்பாற்றியவள் அந்த லச்மியா. அவளை அனுப்பிவிடச் சொல்லித் தாயிடம் வாதாடும் மகனை நாம் முதன்முதலில் சந்திக்கும்போது, இவ்வளவு பெரிய உள்ளம் இவ்வளவு சிறிய வாசலை எதற்காகத் தனக்கு அமைத்துக்கொண்டது என்று நெஞ்சம் துடிக்கிறது.

மறுபக்கத்திலே பிரம்ம சமாஜம் நிற்கிறது. ராம்மோகன் ராய் 1828-இல் தோற்றுவித்த அந்த ஸ்தாபனம் விக்கிரக வழிபாட்டையும் பொருளற்ற சடங்கையும் எதிர்த்து எழுந்தது. தாகூரின் தந்தை தேவேந்திரநாதர் அதன் தூண்களில் ஒருவர். தாகூரே 1884 முதல் ஆதி பிரம்ம சமாஜத்தின் காரியதரிசியாக இருந்தவர். ஆகவே அதைப் பற்றி எழுதும்போது அவர் தம் சொந்தக் குடும்பத்தைப் பற்றியே எழுதுகிறார் என்று கொள்வதில் தவறில்லை. அப்படி எழுதியும் அவர் சற்றும் தயை காட்டவில்லை. ஹாரான் பாபுவைப் பாருங்கள்: சமாஜத்தின் அபிமான புருஷர், எழுத்தாளர், பேச்சாளர், பழைய மூடநம்பிக்கைகள் அனைத்திலிருந்தும் விடுபட்டவர். ஆயினும் யார் யாருடன் பேசுகிறார்கள், யார் வீட்டில் யார் தேநீர் அருந்துகிறார்கள், எந்தப் பெண் எந்தப் படகில் யாருடன் வந்தாள் என்று வேவு பார்த்துக் கண்டிப்பதில் எந்தக் கிராமத்துப் புரோகிதருக்கும் அவர் இளைத்தவரல்லர். சமாஜத்தைச் சேர்ந்த பரேஷ் பாபுவின் மனைவி வரதசுந்தரி அம்மாள் தன் வீட்டில் வளர்ந்த ராதாராணி என்ற பெண்ணின் பெயரில் வைஷ்ணவ வாசனை வீசுகிறதென்று அதை மாற்றி, சுசரிதா என்று வைத்துவிடுகிறாள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டுகளை அறுப்பதற்காகத் தோன்றிய ஒரு சமாஜம், தன் அங்கத்தினரைக் கட்டுவதற்கான புதுக் கயிறுகளைத் திரித்துக்கொண்டிருக்கிறது. மீறுகிறவர்கள் பத்துப் பேர் ஒன்று சேர்ந்தால் அவர்களுக்குள்ளேயே ஓர் ஆசாரம் பிறந்துவிடுகிறது. பதினோராவது மனிதன் அதை மீறுவதை அவர்கள் பொறுப்பதில்லை. நம் நாட்டுச் சீர்திருத்த இயக்கங்களின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, கோராவும் ஹாரான் பாபுவும் எதிரெதிராக நின்று சண்டையிட்டாலும், இருவரும் ஒரே நோயால் பீடிக்கப்பட்டவர்கள். தன் கட்சியின் அங்கீகாரம் இல்லாமல் ஒரு குவளைத் தண்ணீர்கூடக் குடிக்க முடியாத நிலையே அந்த நோய். இருவருக்கும் உள்ள வேற்றுமை என்னவென்றால், ஹாரான் பாபு மனிதர்களைச் சந்திப்பதே இல்லை. கோரா வாழ்நாள் முழுவதும் மனிதர்களைச் சந்திக்கப் புறப்பட்டுக்கொண்டே இருக்கிறான்.

அவன் சந்திக்கும் மனிதர்கள் யார் யார்? தன் எஜமானருக்காக ரொட்டியும் பழமும் முட்டையும் கூடையில் சுமந்து வந்து, பணக்கார பாபுவின் வண்டியில் அடிபடாமல் தப்பி ஒதுங்கி, அதற்குப் பரிசாக முகத்தில் சவுக்கடியும் வாங்கிய ஒரு முஸ்லிம் கிழவர். அவருடைய சிதறிய பண்டங்களைத் தெருவில் குனிந்து பொறுக்குகிறான் கோரா. அவனுடைய விளையாட்டுச் சங்கத்தில் சிறந்தவனாக விளங்கிய நந்தன் என்ற தச்சப் பையன். காலில் உளி விழுந்து, புண் வில்வாதமாகி, வைத்தியரை அழைக்காமல் தாய் பேயோட்டுபவனை அழைக்க, இரவெல்லாம் மந்திரச் சூடுகளைத் தாங்கி மாண்டுபோகிறான். தன் தேசத்தின் ஒவ்வொரு பழக்கமும் தனக்குப் பூஜ்யமானது என்று மேடையில் முழங்கியவன், அந்தப் பழக்கங்களில் ஒன்று தன் நண்பனைக் கொன்றுவிட்டதைக் கண்டு பேச்சிழந்து நிற்கிறான். பின்னர் ஒரு நீராவிப் படகில், மழையில் நனைந்து நடுங்கும் யாத்திரிகர்களை மேல்தட்டிலிருந்து பார்த்து ஓர் ஆங்கிலேயனும் ஆங்கிலம் படித்த ஒரு வங்காளியும் சேர்ந்து சிரிக்கிறார்கள். முதல் வகுப்பு எனக்கு உரியதல்ல, என் இடம் இந்த யாத்திரிகர்களுடன்தான் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுக் கீழே போகிறான் கோரா. படகை விட்டு இறங்குமுன் அந்த ஆங்கிலேயன் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்கிறான். வங்காளிக்கு வெட்கம் வரவில்லை.

இவையெல்லாம் அவன் நெஞ்சில் விழுந்த விரிசல்கள். ஆனால் சுவர் உண்மையாகவே இடிந்த இடம் சர் கோஷ்பூர் என்ற கிராமம். இந்த அத்தியாயத்தைப் பற்றி நான் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன்; ஏனெனில் தாகூரின் உரைநடை முழுவதிலும் இதற்கு நிகரான பகுதிகள் மிகச் சிலவே.

கோரா சில தோழர்களுடன் நாட்டைக் கால்நடையாகப் பார்க்கப் புறப்படுகிறான். வெயிலும் தூரமும் தோழர்களை ஒருவர் பின் ஒருவராகக் கழித்துவிட, ரமாபதி என்பவன் மட்டும் மிஞ்சுகிறான். இருவரும் நடந்து நடந்து முஸ்லிம் விவசாயிகள் நிறைந்த ஒரு கிராமத்தை அடைகிறார்கள். அவுரித் தோட்டத்துரைமார்களின் கொடுமைக்குப் பணியாத கிராமம் அது. அதன் தலைவனான பரூ சர்தார் துரைகளை எதிர்த்து நின்றதனால் சிறையில் கிடக்கிறான். போலீஸ்காரர்கள் கிராமத்தைச் சூறையாடியிருக்கிறார்கள். அங்கே இந்து வீடு ஒன்றே ஒன்றுதான். அது ஒரு நாவிதரின் வீடு. அந்த வீட்டில் தங்கலாம் என்று போனால், பரூ சர்தாரின் மகனான முஸ்லிம் சிறுவனை அந்த நாவிதரும் அவர் மனைவியும் தம் பிள்ளையைப் போல் எடுத்து வளர்க்கிறார்கள். இது ஆசாரத்துக்கு விரோதமல்லவா என்று கோரா அந்த நாவிதரைக் கண்டிக்கிறான். அவரோ, ஆண்டவனை நாங்கள் ஒரு பெயரால் அழைக்கிறோம், அவர்கள் வேறொரு பெயரால் அழைக்கிறார்கள், வேற்றுமை அவ்வளவுதானே என்ற கருத்தில் எளிமையாகப் பதில் சொல்கிறார். இதைச் சொல்வதற்கு அவர் எந்தச் சாஸ்திரத்தையும் புரட்டவில்லை.

தாகம் வாட்டுகிறது, வெயில் கொளுத்துகிறது. தீட்டுப்பட்ட வீட்டில் எப்படி உண்பது? அருகில் பிராமணர் வீடு எங்கே இருக்கிறதென்று விசாரித்தால், சில மைல் தொலைவில் அவுரித் தொழிற்சாலையைச் சேர்ந்த தாசில்தார் மாதவ சட்டர்ஜி இருக்கிறார் என்று தெரிகிறது. அவர் யார்? துரைகளின் கையாள், இந்தக் கிராமத்தைச் சூறையாடிய போலீஸாருக்குத் தம் வீட்டில் விருந்து வைத்திருப்பவர். ஆயினும் குலத்தால் பிராமணர்; ஆகவே அவர் வீட்டு அன்னம் சுத்தமானது. ரமாபதிக்கு இதில் ஆட்சேபமே இல்லை. இருவரும் புறப்பட்டுச் செல்கிறார்கள். அப்படிச் செல்லும்போது கோராவின் உள்ளத்தில் ஒரு கேள்வி முளைத்து, ஒவ்வொரு அடிக்கும் வளர்ந்து, கடைசியில் அவனைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. ஏழைகளை வதைத்த கையால் இடப்படும் சோறு சுத்தம்; தகப்பனைச் சிறைக்குப் பறிகொடுத்த ஒரு குழந்தையைக் காப்பாற்றிய கையால் கொடுக்கப்படும் தண்ணீர் அசுத்தம். எந்தத் தர்மம் இப்படி விதித்தது? அப்படி விதித்த ஒன்றைத் தர்மம் என்று சொல்லலாமா? கோரா திரும்பிவிடுகிறான். ரமாபதியைப் பிராமணர் வீட்டிலேயே விட்டுவிட்டு, கொளுத்தும் வெயிலில் அவ்வளவு தூரமும் தனியே திரும்பி நடந்து, நாவிதரின் வீட்டுக்கு வந்து சேர்கிறான்.

இந்தத் திரும்பு நடையை நான் நாவலின் மையமாகக் கருதுகிறேன். இங்கே அவனைப் பார்த்து மெச்சுவதற்கு ஒருவரும் இல்லை. மறுத்து வாதிடப் பாதிரியார் இல்லை. கைதட்ட மாணவர் கூட்டம் இல்லை. இதுவரை அவன் மீறியதெல்லாம் பிறருடைய விதிகளை. இப்பொழுது மீறுவது தன்னுடைய விதியை. இதுவரை அவனுடைய மீறல் ஒரு கொள்கைக்காக இருந்தது. இப்பொழுது ஒரு நாவிதருக்காகவும் ஒரு பையனுக்காகவும். உண்மையான சுதந்திரம் மனிதனுக்குள் நுழையும் வழி இதுவே என்று தாகூர் நம்பினார், நானும் நம்புகிறேன். தத்துவத்தை மாற்றிக்கொண்டவன் விடுதலை பெற்றுவிடுவதில்லை. பெயரும் முகமும் உடைய ஒரு மனிதனை, தத்துவம் தடுத்தபோதிலும், கைவிட முடியாமல் போனவனே விடுதலை பெறுகிறான்.

அதன் பின் நடப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாஜிஸ்ட்ரேட் பிரௌன்லோவிடம் சென்று கிராமத்தாருக்காக வாதாடி அவமதிக்கப்படுகிறான். போலீஸாருடன் நேர்ந்த ஒரு கைகலப்பில் மாணவர்களைக் காக்கப் புகுந்து, ஒரு மாதச் சிறைத்தண்டனை பெறுகிறான். வக்கீல் வைத்துக்கொள்ளவும் மறுத்துவிடுகிறான். பணம் படைத்தவனுக்கு மட்டும் கிடைக்கும் நியாயம் தனக்கு வேண்டாம் என்பது அவன் வாதம்.

சிறையிலிருந்து மீண்டதும் என்ன ஆகியிருக்க வேண்டும்? நாவிதரின் வீட்டில் திறந்த கதவு இன்னும் அகலத் திறந்திருக்க வேண்டும். ஆனால் தாகூர் மனித சுபாவத்தை அறிந்தவர். விடுதலையை ஒருமுறை ருசித்தவன் அஞ்சிப் பின்வாங்குவதும் உண்டு. வெளியே வந்த கோராவை அவினாஷ் முதலிய சீடர் கூட்டம் மாலையுடன் எதிர்கொள்கிறது. அவனை இந்து தர்மத்தின் அவதார புருஷனாக்கிப் பத்திரிகைகளில் எழுதுகிறது. சிறையில் பட்ட தீட்டைப் போக்கிக்கொள்ள, கங்கைக் கரைத் தோட்டம் ஒன்றில், பண்டிதர்களை வரவழைத்துப் பெரியதொரு பிராயச்சித்தத்துக்கு ஏற்பாடு செய்கிறது. சுசரிதாவின்பால் தன் உள்ளம் சென்றுவிட்டதை உணர்ந்து கலங்கிய கோராவும், அந்தக் கலக்கத்திலிருந்து தப்புவதற்கு இதை ஒரு புகலிடமாகக் கொள்கிறான். இதற்கிடையில் மறுபடியும் கிராமங்களில் திரிகிறான். பெற்றோரின் கருமாதிச் செலவால் ஓட்டாண்டியானவனுக்கு இரக்கம் காட்டாத ஊர்க் கட்டுப்பாட்டைப் பார்க்கிறான். துன்பத்தில் உதவாத சமூகம் தண்டிப்பதில் மட்டும் ஒன்றுபடுவதைப் பார்க்கிறான். பார்த்தும், பிராயச்சித்தத்தை அவன் கைவிடவில்லை. இந்த ஊசலாட்டத்தை நாவலின் தொய்வு என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு இது நாவலின் நேர்மையாகவே படுகிறது.

பிராயச்சித்தம் நடக்கவிருந்த காலைப் பொழுதில், தந்தை கிருஷ்ணதயாள் நோயுற்று மரணத் தறுவாயில் இருப்பதாகச் செய்தி வருகிறது. ஓடி வந்த மகனிடம், தான் இறந்தால் தனக்குச் சிராத்தம் செய்ய அவனுக்கு உரிமை இல்லை என்பதை அவர் தெரிவிக்கிறார். கலகக் காலத்தில் அடைக்கலம் தேடி அந்த வீட்டுக்கு ஓடிவந்த ஓர் ஐரிஷ் மாது, கோராவைப் பெற்று அன்றிரவே இறந்துபோனாள். அவளுடைய கணவன் அதற்கு முன்பே சண்டையில் மாண்டிருந்தான். ஒரு கணத்தில் கோராவுக்குத் தாயில்லை, தந்தையில்லை, தேசமில்லை, ஜாதியில்லை, கோத்திரமில்லை. எந்த ஆசாரத்தைக் காப்பதற்காகத் தாயின் கையால் உண்பதைக்கூட மறுத்தானோ, அந்த ஆசாரத்தின் கோயில்கள் எல்லாவற்றின் வாசலும் அவனுக்கு அடைபட்டுவிட்டன.

வேறொருவன் என்றால் அந்த இடத்தில் நொறுங்கியிருப்பான். கோரா நொறுங்கவில்லை; நேரே பரேஷ் பாபுவின் வீட்டுக்குச் சென்று, இன்றுதான் நான் உண்மையில் இந்தியனானேன் என்ற பொருள்படப் பேசுகிறான். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவன் என்ற எந்த வேலியும் இனித் தனக்கு இல்லை. எல்லாருடைய ஜாதியும் தன் ஜாதி, எல்லாருடைய அன்னமும் தன் அன்னம் என்று உணர்கிறான். அன்று மாலை வீடு திரும்பி, தன்னை வளர்த்த தாய் ஆனந்தமயியின் பாதத்தில் தலை வைத்து, தான் எங்கெங்கோ தேடித் திரிந்த அன்னை தன் வீட்டிலேயே அமர்ந்திருந்ததைச் சொல்லி, லச்மியாவை அழைத்துத் தண்ணீர் கொண்டுவரச் செய்யுமாறு கேட்கிறான்.

ஆனந்தமயியைப் பற்றிச் சொல்லாமல் இந்த நாவலைப் பற்றிச் சொன்னதாகாது. காசிப் பண்டிதரான பாட்டனாரிடம் வளர்ந்து, தன் கையாலேயே மண்ணில் லிங்கம் பிடித்துப் பூஜித்த பெண் அவள். அந்நியக் குழந்தையை மடியில் ஏந்திய அன்றே அவள் ஆசாரங்களையெல்லாம் இறக்கி வைத்துவிட்டாள். குழந்தையை நெஞ்சோடு அணைக்கும்போதுதான் எந்தக் குழந்தையும் ஜாதியோடு பிறப்பதில்லை என்று விளங்குகிறது என்பது அவள் கண்ட ஞானம். அதற்காக அவள் ஒரு சங்கத்திலும் சேரவில்லை. ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. கணவர் வரவர ஆசாரக் கடலில் மூழ்கி அவளைத் தம் பூஜையறைப் பக்கமே வரவிடாமல் ஒதுக்கினார், மகன் அவள் அறையில் உண்ண மறுத்தான், உறவினர் பழித்தனர். தான் ஏன் ஆசாரத்தை விட்டாள் என்ற காரணத்தை ஒருவரிடமும் சொல்ல முடியாத நிலையில், ரகசியத்தின் பாரத்தையும் பழியின் பாரத்தையும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவள் சுமந்தாள். சமூகத்தை எதிர்க்கும் வீரர்களில் இவளைப் போல் கோபமற்றவரை நான் வேறு எந்த நாவலிலும் கண்டதில்லை.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கோராவின் விடுதலை அவனாகச் சம்பாதித்ததா, அல்லது பிறப்பின் ரகசியம் அவன் மடியில் கொண்டுவந்து போட்டதா? வெள்ளையனாகப் பிறந்தவனுக்கு ஜாதியிலிருந்து வெளியேறுவது எளிது. கதவை ஆசிரியரே திறந்துவிட்டார். மெய்யாகவே பிராமண வயிற்றில் பிறந்த ஒரு கோரா என்ன செய்திருப்பான்? இந்த ஆட்சேபம் நியாயமானது. இதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. தாகூரே இந்தக் கதையை முதலில் நிவேதிதை அம்மையாரிடம் சொன்னபோது, அந்நியன் என்று அறிந்ததும் சுசரிதா கோராவை ஏற்காமல் போவதாக முடித்திருந்தாராம்; அயர்லாந்தில் பிறந்து இந்தியாவுக்குத் தம்மையே கொடுத்துவிட்ட அந்த அம்மையார் வருந்திச் சினக்கவே, பின்னர் முடிவு மாறிற்று. நம் பாரதியார் 1908-இல் 'ஸ்வதேச கீதங்கள்' நூலைக் காணிக்கையாக்கியதும் இதே நிவேதிதைக்குத்தான் என்பதை இங்கே நினைவு கூர்வது பொருந்தும். பிறப்பை மீறி ஒரு தேசத்துக்கு உரியவராக முடியும் என்பதற்கு உயிருள்ள உதாரணமாக நிவேதிதை தாகூரின் கண் முன் நின்றார். ஆகவே கோராவின் பிறப்பு வெறும் கதைத் தந்திரம் அல்ல. அதோடு, கோஷ்பூரில் திரும்பி நடந்த கால்கள் மட்டும் இல்லாதிருந்தால், பிறப்பின் ரகசியம் தெரிந்த அன்று அவன் ஓர் அநாதையாகத்தான் ஆகியிருப்பான்; விடுதலை பெற்றவனாக ஆகியிருக்க மாட்டான்.

ஆயினும் அந்த ஆட்சேபத்தில் எஞ்சி நிற்கும் உண்மைக்கு நாவலிலேயே பதில் வைத்திருக்கிறார் தாகூர். அந்தப் பதிலின் பெயர் லலிதா. பரேஷ் பாபுவின் இரண்டாவது பெண்ணான அவளுக்கு எந்த ரகசியமும் வந்து கதவைத் திறக்கவில்லை. கோராவைச் சிறைக்கு அனுப்பிய அதே மாஜிஸ்ட்ரேட்டின் வீட்டில் தன் குடும்பத்தார் நாடகம் நடிக்க ஒப்புக்கொண்டபோது, அந்த அவமானத்தைச் சகிக்காமல், ஒருவரிடமும் சொல்லாமல் புறப்பட்டு, வினய் சென்றுகொண்டிருந்த நீராவிப் படகில் ஏறிவிடுகிறாள். கல்யாணமாகாத பெண் ஓர் அந்நிய வாலிபனோடு இரவுப் பயணம் செய்தால் அந்தக் காலத்தில் என்ன பேசுவார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பேசினார்கள். அவள் நடத்த விரும்பிய பெண்கள் பள்ளிக்கூடமும் அந்தப் பேச்சினால் கருகிற்று. அவளுக்காக வினய் பிரம்ம சமாஜத்தில் தீட்சை பெற முன்வந்தபோது, தன்னை மணப்பதற்காக அவன் தன் மதத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று தடுத்தவளும் அவளே. இந்து சமூகமும் ஏற்காத, பிரம்ம சமாஜமும் ஏற்காத அந்தக் கல்யாணத்தை, உயிர்த் தோழனான கோராவே கலந்துகொள்ள மறுத்த அந்தக் கல்யாணத்தை, ஆனந்தமயி முன்னின்று நடத்தினாள். மகளின் முடிவை ஆசீர்வதித்ததற்காகப் பரேஷ் பாபு தம் சமாஜ நண்பர்களின் விரோதத்தைத் தேடிக்கொண்டார்.

கோரா நீண்ட வழி சுற்றி வந்தடைந்த இடத்துக்கு லலிதா தன் சொந்தக் கால்களால், அதற்குரிய விலை முழுவதையும் தானே கொடுத்து, அவனுக்கு முன்பே வந்து நின்றுவிட்டாள். நாவலுக்குக் கோராவின் பெயர் இருப்பதாலும், அவனுடைய குரல் ஓங்கி ஒலிப்பதாலும், இதை நாம் கவனிக்கத் தவறிவிடுகிறோம். விமர்சகர்களும் பெரும்பாலும் அவனையே சுற்றி வந்திருக்கிறார்கள்; இன்று நானும் என் நேரத்தில் பெரும்பகுதியை அவனுக்கே கொடுத்துவிட்டேன். இந்தக் கூட்டத்தில் இளைஞர்களும் கல்லூரிப் பெண்களும் பலர் இருக்கிறீர்கள். உங்களில் 'கோரா'வை ஏற்கனவே படித்தவர்கள், லலிதா படகில் ஏறும் அத்தியாயத்திலிருந்து அவளுடைய கல்யாணம் வரை உள்ள பக்கங்களை மட்டுமாவது இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். இதுவரை படிக்காதவர்கள், அவளை மனத்தில் வைத்துக்கொண்டே முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.